இலையெல்லாம் நான் வரைஞ்சது

அது மரமில்லீங்க.

ஆமாங்க, அந்த மேட்டு மேல தேயிலைக்கு நடுவுல தனியா நிக்குதே, அதைத்தானே கேட்டீங்க? அது டவருங்க. செல்போன் டவர். உள்ள இரும்புக் கம்பம், வெளிய ஃபைபர் இலை. இந்தப் பக்கம் பைன் மரம் எப்படி வந்துச்சுன்னு நீங்க கேட்டீங்க பாருங்க, அது எனக்குப் போதும். மேல போய் பஸ்ஸை விட்டு இறங்கினதும் உங்களுக்கு ஒரு டீ நான் வாங்கித் தரணும். ஏன்னா அதை வரைஞ்சவன் நான்தான். பேரு திருமூர்த்தி. கோயமுத்தூர்ல கணபதி பக்கம் ஒரு கம்பெனிங்க, டவர் டிசைன் பண்றது எங்க வேலை.

வரையறதுன்னா பென்சில் வச்சு இல்லீங்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல. சி.ஏ.டி., கேட்னு சொல்லுவாங்க. ஒரு போல்ட்டு, ஒரு நட்டு விடாம உள்ளயே செஞ்சு நிறுத்திடலாம். திருப்பிப் பாக்கலாம், வெட்டி உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம். அப்பறம் காத்தடிக்க வைக்கலாம். நெசமாத்தானுங்க. இவ்வளவு வேகத்துல, இந்தத் திசைல காத்துன்னு சொன்னா போதும், எந்த இடத்துல கம்பம் வளையும், எங்க வெல்டிங் விடும்னு செவப்பு நெறத்துல காட்டிக் குடுத்துடும். நெலத்துல ஒரு குழி தோண்டறதுக்கு முன்னாடியே டவர் விழுகறதையும் நிக்கறதையும் பாத்துடலாம். எனக்கு அந்த வேலை அவ்வளவு புடிக்குமுங்க. எங்கம்மா சொல்லுவாங்க, இவன் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டான்னு.

இந்த நீலாம்பாறைக்கு ரொம்ப வருசமா சிக்னலே கெடையாது. சுத்தி மலை. எஸ்டேட் லயன்ல, அதான் தொழிலாளிங்க வரிசை வீடுங்கள்ல, அத்தனை குடும்பம் இருக்குது, ஒருத்தரும் வீட்ல இருந்து பேச முடியாது. பேசணும்னா ஊருக்கு மேல ஒரு பாறை இருக்குதுங்க, அதுல ஏறி நிக்கணும். சிக்னல் பாறைன்னே பேரு வச்சுட்டாங்க. கல்யாணம், சாவு, பரீட்சை ரிசல்ட்டு எல்லாம் அந்தப் பாறைல நின்னு கேட்டதுதான்.

அங்க துணை சுகாதார நிலையத்துல ஒரு நர்ஸ். மங்கையர்க்கரசின்னு பேரு. ஊர்ல மங்கை சிஸ்டர்னு கூப்பிடுவாங்க. அவங்கதான் டவர் வேணும் டவர் வேணும்னு எல்லா ஆபீஸுக்கும் நடந்தது. ஒரு நாள் ஆம்புலன்ஸைக் கூப்பிடறதுக்கு ஈரப் பாறைல ஏறி, வழுக்கி, கையை ஒடைச்சுக்கிட்டாங்க. அப்பறம்தான் பெரிய அதிகாரிங்களுக்கு மனசு எளகி டவருக்குச் சம்மதம் வந்துச்சு.

ஆனா எடம் வேணுமில்லீங்களா? எல்லா வீட்டுக்கும் சிக்னல் போற மாதிரி இருந்தது அந்த ஒரு மேடுதான். அது அங்க ரிசார்ட் வச்சிருக்கறவரோட நெலம். அவரு குடுக்கறேன்னுட்டாரு. ஆனா ஒரு கண்டிசன். ஜன்னலைத் தொறந்தா விருந்தாளி கண்ணுல இரும்பு படக்கூடாது, மரம்தான் தெரியணும். அதுவும் பைன் மரம்தான் வேணும். நம்மூர் மரம் எதாச்சும் வைக்கலாமேன்னு கேட்டேன். படம் புடிக்க பைன்தான் அழகுன்னுட்டாரு.

அந்த வேலை என்கிட்ட வந்துச்சு. அதுக்கு முன்னாடி நான் எத்தனையோ டவர் போட்டிருக்கறேன். மரம் போட்டதில்லை.

மாடலைக் காட்டறதுக்காக மொத தடவை லேப்டாப்போட வந்தனுங்க. ரிசார்ட் வராந்தால ஒக்காந்து அவருக்குத் திருப்பித் திருப்பிக் காட்டிட்டு இருக்கறேன். கைல மாவுக்கட்டோட ஒரு பொம்பளை வந்து பின்னாடி நின்னாங்க. அவங்கதான் மங்கை சிஸ்டர். நான் மரியாதையா எந்திரிச்சு, காத்துல எப்படி ஆடும்னு காட்டினேன், வெயில் பட்டா நெழல் எப்படி விழும்னு காட்டினேன். யாரா இருந்தாலும் ஒரு வார்த்தை நல்லா இருக்குதுன்னு சொல்லுவாங்க. அவங்க முழுசாப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க.

"மழைக்கு முன்னாடி இதுல பேச முடியுமா?"

அவ்வளவுதானுங்க. எனக்கு மனசு சுருக்குன்னு ஆயிடுச்சு. அன்னைக்கு ஆரம்பிச்ச மனத்தாங்கல்தான் இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

திரும்பிப் போய் வேலையை ஆரம்பிச்சேன். மரம்னா லேசுப்பட்டதில்லீங்க. வெறும் கம்பத்துல படற காத்து வேற, கெளையும் இலையும் சேந்தா படற காத்து வேற. ஒரு கெளையைக் கூட்டினா கம்பத்தைத் தடிமனாக்கணும், அதுக்கு அஸ்திவாரத்தைப் பெருசாக்கணும். அப்பறம் ஆன்டெனா. அதுக்கு முன்னாடி இரும்பு எதுவும் வரக்கூடாது. அதனாலதான் இலையெல்லாம் ஃபைபரு. ஒரே இலையை வரைஞ்சு காப்பி போட்டு நெரப்பலாமுங்க, எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. நான் செய்யலை. கெளைக்குக் கெளை மாத்தி வரைஞ்சேன். காத்தடிக்கற பக்கம் கொஞ்சம் சாஞ்ச மாதிரி, கீழ காஞ்ச மாதிரி. ரிவிஷன் மேல ரிவிஷன். எங்க மேனேஜர் வந்து திருமூர்த்தி, இது செடி வளக்கற கம்பெனி இல்லைன்னாரு.

இதுக்கு நடுவுல அந்த சிஸ்டர் போன் பண்ண ஆரம்பிச்சாங்க. அந்தப் பாறைல நின்னுதான். வேலை எங்க வந்து நிக்குதுன்னு கேப்பாங்க. நான் சொல்லுவேன், இன்னைக்கு மூணாவது கெளை வரிசை முடிச்சேன், அதுல ஒரு திருப்பம் வச்சிருக்கறேன்னு. அப்பறம் என்னன்னு கேப்பாங்க. காத்துக் கணக்கைச் சொல்லுவேன். அதுக்கப்பறம்னு கேப்பாங்க. இதெல்லாம் ஒரு நர்ஸுக்கு எதுக்குங்க? வேலையைத் தள்ளிப் போட்டுடுவானோன்னு சந்தேகம். அதுக்குத்தான் வாரம் தவறாம கூப்பிட்டது. வேற என்னவா இருக்கும்?

ஒரு தடவை ரெண்டு வாரமாப் போனே வரலை. எனக்கு வேலையே ஓடலைங்க. மேல என்ன நெலவரம்னு தெரியாம எப்படி டிசைன் பண்றது? சைட்டு விவரம் வேணுமில்லீங்களா? பக்கத்து சீட்டுல பர்வீன்னு ஒரு பொண்ணு, சிக்னல் கணக்குப் பாக்கறவங்க. அவங்க என்னைப் பாத்து, அண்ணா, சைட்டுல இருந்து போன் வரலையான்னு கேட்டுட்டு சிரிச்சாங்க. இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குன்னு எனக்கு இன்னைக்கும் புரியலை. அப்பறம் போன் வந்துச்சு. சிஸ்டரோட அம்மா செத்துப் போயிட்டாங்களாம், உடுமலைக்குப் போயிருந்தாங்களாம். எதுவும் வேணும்னா கூப்பிடுங்கன்னேன். கூப்பிட்டுட்டுத்தானே இருக்கறேன்னு சொன்னாங்க. அன்னைக்கு இலையைப் பத்தி நானும் பேசலை, அவங்களும் கேக்கலை. ரொம்ப நேரம் பேசினோம். என்ன பேசினோம்னு கேட்டா சொல்லத் தெரியலைங்க.

மழைக்கு ஒரு மாசம் முன்னாடியே டவரை நிறுத்திட்டோம். எல்லாம் பீஸ் பீஸா மேல வந்து, கிரேன் வச்சுத் தூக்கி, கெளை ஒவ்வொண்ணா மாட்டினோம். கம்ப்யூட்டர்ல பாத்த மாதிரியே வந்து நின்னுச்சு. ரிசார்ட்காரரு கையைப் புடிச்சுக்கிட்டாரு. லயன்ல இருக்கறவங்களுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். இத்தனை வருசம் காத்திருந்து ஒரு டவர் வருது, பக்கத்து எஸ்டேட்காரன் பாத்து வயிறெரியற மாதிரி செவப்பு வெள்ளை பெயின்ட்டோட ஒசரமா நிக்கும்னு நெனச்சிருக்காங்க. வந்து பாத்தா மரம். ஒரு பெரியவரு என்கிட்டயே வந்து, தம்பி, டவரை எப்பக் கொண்டாருவீங்கன்னு கேட்டுட்டுப் போனாரு.

அன்னைக்கு சாயங்காலம் நான் கோயமுத்தூர் திரும்பிட்டேன். சிக்னல் வந்ததும் நீலாம்பாறைல இருந்து மொதப் போன் எனக்குத்தான் வந்துச்சு. சிஸ்டர்தான். எங்க நின்னு பேசறீங்கன்னேன். எங்க வீட்டு அடுப்படில நின்னுன்னு சொன்னாங்க. நான் ஆசையா, வெளிய வந்து மேக்கால சாஞ்ச கெளையைப் பாருங்க, இப்ப வெயில் அதுல விழுகணும்னேன்.

"கெளை கெடக்கட்டும். என் குரல் தெளிவாக் கேக்குதான்னு மட்டும் சொல்லுங்க."

கேக்குதுன்னேன். ரொம்பத் தெளிவாக் கேக்குதுன்னேன். பாருங்க, அப்பவும் மரம் நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை வரலை.

அப்பறம் மழை வந்துச்சுங்க.

இந்த மலைல மழைன்னா தெரியுமில்லீங்களா, நாள் கணக்குல நிக்காது. மழை வலுத்தா சிக்னல் போயிடும். நின்னு, கொஞ்சம் காஞ்சா வந்துடும். மறுபடி மழை, மறுபடி போயிடும். கம்பெனிக்குப் புகார் வந்துச்சு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் மாடலைத் தொறந்து காட்டினேன். கம்பம் நிக்குதா? நிக்குது. காத்துக்கு ஆடுதா? அளவாத்தான் ஆடுது. டிசைன்ல தப்பே இல்லீங்க. இன்னைக்கும் சொல்றேன்.

ஆனா சிஸ்டர் மறுபடியும் அந்தப் பாறைல ஏறிட்டாங்க. கொட்டற மழைல, இன்னும் வலி விடாத கையோட. அங்க இருந்து எனக்குப் போன். லயன்ல சுடர்க்கொடின்னு ஒரு பொண்ணு, வயித்துல ரெட்டைப் புள்ளை, ரத்தக்கொதிப்பு வேற. கீழ ஆஸ்பத்திரில முன்னாடியே கொண்டு போய்ச் சேத்துடலாம்னா, அவளுக்கு மூத்ததுங்களைப் பாத்துக்க ஆளில்லை, வர மாட்டேங்கறா. வலி எடுத்தா அந்த நிமிசமே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாகணும். மழைச் சத்தத்துல பாதி கேக்கவே இல்லை. கடைசில சொன்னது மட்டும் கேட்டுச்சு.

"உங்களை நம்பித்தான் நான் அவகிட்ட பயப்படாதேன்னு சொல்லியிருக்கறேன்."

போனை வெச்சுட்டு நான் வீட்டுக்குப் போகலைங்க. பர்வீனையும் ஒக்கார வச்சு எல்லாக் கணக்கையும் மறுபடி போட்டோம். அந்த மரத்துல ஒரு டிஷ் இருக்குதுங்க. நீலாம்பாறைல பேசறதையெல்லாம் அள்ளி எதிர் மலைல இருக்கற பெரிய டவருக்கு அனுப்பறது அதுதான். ரிசார்ட்காரருக்கு அதுவும் கண்ணுல படக்கூடாதுன்னதால, அதுக்கு முன்னாடியும் இலையைத் தொங்கவிட்டிருந்தேன். இருக்கறதுலயே அழகான கெளை அதுதான். அந்த இலையைத் தாண்டி சிக்னல் போகுமான்னு முன்னாடியே சோதிச்சோமுங்க. போச்சு. ஆனா சோதிச்சது காஞ்ச இலை. இலைல தண்ணி நின்னா சிக்னலைத் தண்ணியே குடிச்சுடும். கம்ப்யூட்டர்ல நான் காத்தடிக்க வச்சேன், வெயிலடிக்க வச்சேன். மழையை யாரும் கேக்கலை. கேக்காததுக்கு அது எப்படிங்க பதில் சொல்லும்? அதனாலதான் சொல்றேன், டிசைன்ல தப்பில்லை. மழைதான்.

கெளையை வெட்டணும்னு கம்பெனில சொன்னேன். ரிசார்ட்டோட ஒப்பந்தம் இருக்குது, அவரைக் கேட்டுத்தான் செய்யணும், தண்ணி நிக்காத புது இலை வாங்கலாம், மழைக்காலம் முடியட்டும்னு மேனேஜர் சொன்னாரு. சரிங்கன்னுட்டு வெளிய வந்தேன். டவர் ஏறற ஆளுங்க ரெண்டு பேரு எனக்குப் பழக்கம். அவங்களைக் கூட்டிக்கிட்டு ஒரு வாடகை ஜீப்புல மேல வந்துட்டேன். சொல்லாமக் கொள்ளாம. வாழ்க்கைல அப்படி ஒரு காரியம் நான் செஞ்சதே இல்லீங்க.

மழை கொஞ்சம் விட்ட நேரம். டவரோட கரன்டை நிறுத்திட்டு ஆளுங்க பெல்ட்டு மாட்டிட்டு இருக்காங்க. ரிசார்ட்காரரு குடையோட வந்துட்டாரு. ஒரு இலை மேல கை வச்சாலும் கேஸ் போடுவேன், உங்க வேலையும் போயிடும்னாரு. கூட்டம் சேந்துடுச்சு. சிஸ்டரும் வந்தாங்க. அவங்க சண்டைக்கு வரலை. என்னைப் பாத்துட்டு நின்னாங்க. அவ்வளவுதான்.

ரிசார்ட்காரரு கடைசியா, கோவத்தை எல்லாம் விட்டுட்டு, நெசமாவே கேட்டாரு. "இத்தனை ஆசையா வரைஞ்சீங்களே, உங்களுக்கே மனசு வருமா?"

வரலைங்க. மனசு வரலை. நான் மேல அந்தக் கெளையைப் பாத்தேன், தண்ணி சொட்டிட்டு இருந்துச்சு. அப்பறம் ஆளுங்களைப் பாத்து, "வெட்டுங்க"ன்னேன்.

வெட்டி, ஒண்ணொண்ணாக் கயித்துல கட்டி எறக்கினாங்க. டிஷ்ஷுக்கு முன்னாடி இருந்தது பூராவும், ஆன்டெனாப் பக்கம் இருந்ததுல பாதியும். எதிர்ப்பக்கம் பாத்தா மரம் பாதி மொட்டை. நீங்க பாத்தது நல்ல பக்கங்க. பஸ்ஸு சுத்தி அந்தாண்ட போகும்போது பாக்காதீங்க, எனக்காக.

கரன்டைப் போட்டதும் மறுபடி மழை புடிச்சுது. நனைஞ்சுக்கிட்டே சிஸ்டர் அவங்க போனை எடுத்து என் நம்பருக்கே அடிச்சாங்க. பத்தடி தூரத்துலதான் நின்னாங்க. என் பாக்கெட்டுல மணியடிச்சுது. எடுத்தேன். போனைக் காதுல வச்சுக்கிட்டே ரெண்டு பேரும் நின்னோம். ஊரே பாத்துட்டு இருந்துச்சு. சோதனைதானுங்க அது, லைன் போகுதான்னு.

அந்த வாரமே சுடர்க்கொடிக்கு வலி வந்துடுச்சு. நடு மத்தியானம், எதிர்ல இருக்கற ஆள் தெரியாத மழை. அவ வீட்டு அடுப்படில நின்னபடியே சிஸ்டர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாங்க, டாக்டரைக் கூப்பிட்டாங்க, வண்டி வர்ற வரைக்கும் டாக்டர் போன்லயே இருந்து இதைச் செய், அதைச் செய்னு சொல்லியிருக்காரு. வண்டில ஏத்திக் கீழ கொண்டு போய்ச் சேத்துட்டாங்க. ரெண்டும் பொம்பளைப் புள்ளைங்க. தாயும் நல்லா இருக்கா, புள்ளைங்களும் நல்லா இருக்குது. ஒண்ணு பொறந்த ஒடனே அழுகலையாம், தட்டித் தட்டி அழுக வச்சிருக்காங்க. இப்ப அது போடற கூச்சல்ல லயனே தூங்கறதில்லையாம்.

ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து சிஸ்டர் எனக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னாங்க. சொல்லி முடிச்சுட்டு, சாப்டீங்களான்னு கேட்டாங்க. எனக்கு அது கொஞ்சம் விசித்திரமா இருந்துச்சு. நான் சாப்டதுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?

வேலை போகலை. ரெட்டைப் புள்ளை விசயம் நாலு பேருக்குத் தெரிஞ்சப்பறம் ரிசார்ட்காரரு கேஸ் போடலை. அவரே விருந்தாளிங்களைக் கூட்டிட்டு வந்து, இது மின்னல் விழுந்த மரம்னு காட்டறாரு. மேனேஜரு திட்டறதுக்குக் கூப்பிட்டாரு. திட்டிட்டு, அடுத்த டிசைன்ல மொதல்ல மழையைப் போடுன்னாரு.

ஆனா குறை சொல்றது மட்டும் நிக்கலைங்க. மங்கை சிஸ்டரு இப்பவும் கூப்பிடறாங்க. ஒரு இலை ஆடுதுன்னு ஒரு நாள். ஒரு போல்ட்டு துருப்புடிச்ச மாதிரி தெரியுதுன்னு ஒரு நாள். கீழ நின்னு எப்படிங்க அந்த ஒசரத்துல இருக்கற போல்ட்டுத் துரு தெரியும்? ஒரு காக்கா கூடு கட்டுது, பரவாயில்லையான்னு ஒரு நாள். பராமரிப்புக்குன்னு தனியா ஆளுங்க இருக்காங்க, அவங்க நம்பரைக் குடுத்தேன். வாங்கவே மாட்டேன்னுட்டாங்க. அதனால நானே லீவு நாள்ல வந்து பாத்துட்டுப் போறேன். வந்தா பத்து நிமிச வேலை. அப்பறம் அவங்க வீட்டுல சாப்பாடு. பேசிட்டு இருந்தா கடைசி பஸ்ஸு நேரம் வந்துடும். ஆனா இத்தனை தடவை வந்தும், மரம் நல்லா இருக்குதுன்னு அவங்க சொன்னதில்லை. போன தடவை நானே வாய் விட்டுக் கேட்டுட்டேன். மரத்தைப் பத்தி உங்க அபிப்பிராயம்தான் என்னங்கன்னு. அவங்க சிரிச்சுட்டு, "அது பாதி மொட்டையான அன்னைக்குத்தான் எனக்குப் புடிச்சுது"ன்னாங்க. ரசனைன்னு ஒண்ணு வேணுமில்லீங்களா?

இன்னைக்கு எதுக்குப் போறேன்னு கேக்கறீங்களா? அவங்க அண்ணன் உடுமலைல இருந்து வர்றாராம். அந்த மரத்தைப் பாக்கணும்னு ரொம்ப ஆசைப்படறாராம். பள்ளிக்கூட வாத்தியாரு, இந்த மாதிரி விசயத்துல ஈடுபாடு இருக்கும்போல. நான் மாடலை எல்லாம் லேப்டாப்புல போட்டு எடுத்துட்டு வந்திருக்கறேன். நல்ல சட்டையாப் போட்டுட்டு வாங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. சைட்டுக்கு எதுக்கு நல்ல சட்டைன்னு இந்தக் கம்பெனி சட்டையவே மாட்டிட்டு வந்துட்டேன்.

அதோ, டிரைவருக்குப் பின்னாடி ஒக்காந்திருக்காங்களே, அதுதான் எங்கம்மா. சிஸ்டர் அவங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அம்மாவுக்கு மலைன்னாலே ஆகாதுங்க, ரெண்டு வளைவு திரும்பினா தலை சுத்திடும். நான் டவர் டவர்னு இத்தனை வருசம் சொல்லியும் ஒண்ணைக் கூட வந்து பாத்ததில்லை. இன்னைக்கு எனக்கு முன்னாடி பஸ்ஸுல ஏறி எடம் போட்டுட்டாங்க. பட்டுச்சேலை கட்டியிருக்காங்க. மடில தாம்பாளம், அதுல பழம், பூவு, வெத்தலை. மரத்தைப் பாக்கறதுக்கு வெத்தலை எதுக்கும்மான்னு கேட்டேன். நீ உன் மரத்தைப் பாரு, நான் பாக்க வேண்டியதை நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கு அங்க பாக்க என்னங்க இருக்குது? இருக்கறது ஒரு டவரு, ஒரு ரிசார்ட்டு, தேயிலை, அப்பறம் அந்த சிஸ்டரு, அவங்க அண்ணன்...

ஏனுங்க, கொஞ்சம் இருங்க.

பட்டுச்சேலை. வெத்தலை. அண்ணன்.

நீங்க எதுக்குங்க சிரிக்கறீங்க? பாதி வழில இருந்தே சிரிச்சுட்டு இருந்தீங்க, நான் மழைக் கதைக்குச் சிரிக்கறீங்கன்னுல்ல நெனச்சேன். அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க. அந்தப் பர்வீனும் சொல்லலை. எங்கம்மாவைப் பாருங்க, திரும்பிக்கூடப் பாக்காம ஒக்காந்திருக்காங்க.

வந்துட்டமுங்களா? இன்னும் எத்தனை வளைவு இருக்குது? டிரைவரைக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க. ரொம்ப நேரமெல்லாம் வேண்டாமுங்க, இந்தச் சட்டைச் சுருக்கத்தை நீவி விடற வரைக்கும் போதும்.